தொம்மை சாப்பிட்டானா

பகல் ஒரு மணிக்குப் பல்லாவரத்தில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும் எல்லா வீடுகளிலும் 'டொக்' என்று ஒரு சத்தம் எழும். சமையல் மேடையில் உள்ளங்கை அகலக் கருங்கல் வில்லை ஒன்று இருக்கும். அதன்மேல் கவிழ்த்து வைத்திருக்கும் கல்செவி என்ற கருவிக்குள் ஒரு சின்னச் சுத்தி உண்டு. அது கல்லை ஒரு முறை தட்டிவிட்டுக் காத்திருக்கும். வீட்டிலிருப்பவர்களும் கரண்டியைப் பிடித்தபடி காத்திருப்பார்கள். சற்றைக்கெல்லாம் கல் பேசும். முதலில் காற்று. பிறகு எங்கோ ஓடுகிற தண்ணீர். பறவைச் சத்தம் மட்டும் இருக்காது. அந்தக் காட்டில் பறவைகள் வந்து அமர இன்னும் பத்து கோடி ஆண்டுகள் ஆகவேண்டும். அந்த வெறுமைக்குள் ஒரு நடை கேட்கும். தொம், தொம், தொம்... கொஞ்சம் தயங்கி, நான்காவது தொம்.

"வந்துட்டான்" என்று யாராவது சொல்வார்கள்.

"சாப்ட்டானா?" என்று இன்னொருவர் கேட்பார்.

அதற்குள் ஒரு நிமிடம் முடிந்து கல் அடங்கிவிடும். ஒரு தட்டுக்கு அவ்வளவுதான். பதில் தெரியாமலே சோறு பிசைவார்கள்.

அந்த நடையை முதன்முதலில் கேட்டவள் ஜெசிந்தா. திரிசூலத்துப் பழைய கல்குவாரிக்குள் இருக்கும் கல்செவி நிலையத்தில் அவள் நடைகேட்பாளர். ஆறு ஆண்டுகளுக்கு முன்னால், அந்தக் குன்றின் கல்லில் விழுந்த ஒவ்வொரு அதிர்வும் படிகங்களுக்குள் அடுக்கடுக்காகப் படிந்து கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். சரியான அளவில் தட்டினால் ஓர் அடுக்கு விழித்துக்கொண்டு, தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லும். நூல்கண்டு மாதிரிதான் அதுவும். நடுவில் எங்கும் குதிக்க முடியாது, அகப்பட்ட நுனியிலிருந்துதான் பிரிக்க வேண்டும். அகப்பட்ட நுனி இருபத்தைந்தரை கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாள். டைனோசர்கள்கூடத் தோன்றியிருக்கவில்லை. அன்று முதல் இங்கே ஒரு மணி நேரம் போனால் அங்கேயும் ஒரு மணி நேரம் போகிறது. இன்று கேட்காதது நாளைக்குக் கிடைக்காது.

நிலையம் தொடங்கிய மூன்றாம் வாரம் அந்தத் தயங்கிய நடை அவள் காதில் விழுந்தது. "தொம்மை மாதிரி நடக்கறான்" என்றாள். அது அவளுடைய தாய்மாமன் பெயர். பரங்கிமலைக்காரர். இடதுகால் கொஞ்சம் இழுக்கும். பெயர் ஊர் முழுக்கப் பரவியபோது மாமா இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. அப்புறம் தெருவில் பிள்ளைகள் அவரிடமே வந்து "தொம்மை தாத்தா, தொம்மை எப்படி இருக்கான்?" என்று விசாரிக்க ஆரம்பித்ததும் சமாதானமாகிவிட்டார்.

தொம்மையைப் பார்த்தவர்கள் யாருமில்லை. கல்லுக்குக் கண் கிடையாது. கோதாவரிக் கரையிலும் ஆப்பிரிக்காவிலும் கிடைத்த எலும்புகளை வைத்துத்தான் அவன் எப்படி இருப்பான் என்று சொன்னார்கள். கரடியளவு உடம்பு, நீண்ட தலை, மேல்தாடையிலிருந்து காய் நறுக்கும் கத்தி நீளத்துக்கு இறங்கும் இரண்டு கோரைப்பற்கள். அவனது இனத்துக்கு வாட்பல்லன் என்று பெயர் வைத்தார்கள். பார்ப்பதற்குப் பல்லிபோல் இருந்தாலும் பல்லி இனமில்லை. பாலூட்டிகளான நமக்குத்தான் தூரத்துப் பங்காளி. உடம்பில் முடி இருந்ததா இல்லையா என்று கேட்டால் அறிஞர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். குழந்தைகள் அவனுக்குக் கோடு போட்டார்கள், புள்ளி வைத்தார்கள். ஒரு குழந்தை சட்டை போட்டு வரைந்திருந்தது. சென்னையில் மட்டும் கல்செவி இருக்கும் வீடுகள் கடந்த மூன்றே மாதத்தில் முப்பத்தெட்டு லட்சமாகப் பெருகியிருந்தன. குன்றில் எந்த இடத்திலிருந்து வில்லையை வெட்டினார்களோ அந்த இடத்தைச் சுற்றிய சத்தம் அதில் கேட்கும். வீடுகளில் கேட்பதெல்லாம் நிலையத்துக்கும் வந்து சேரும். நாள் முழுக்க யாராவது ஒருவர் தட்டிக்கொண்டுதான் இருப்பார் என்பதால், அவற்றைக் கோத்து அவனுடைய ஒரு முழு நாளையும் ஜெசிந்தா நடை நடையாக எழுதி வைப்பாள்.

அப்படி எழுதும்போதுதான் அவளுக்கு அந்தக் குழப்பம் தொடங்கியது.

"ஃபரீத், எடைமானில ஏதாவது கோளாறா?"

காலடி கல்லில் எவ்வளவு ஆழமாக விழுகிறது என்பதைக் கொண்டு எடையைக் கணக்கிடும் கருவி அது. அதைச் செய்தவன் ஃபரீத். நிலையத்தின் பொறியாளன்.

"நேத்துதான் தரையில நானே நடந்து பாத்தேன். தொண்ணூத்தி நாலு கிலோன்னுச்சு. கோளாறாத்தான் இருக்கணும்."

"வெளையாடாத. மூணு மாசத்துக்கு முன்னாடி எரநூத்தி எண்பது கிலோ இருந்தான். இப்ப எரநூத்திப் பன்னெண்டு."

"எப்படிக் கொறைச்சான்னு கேட்டுச் சொல்லு. நானும் கொறைக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. ஃபரீத் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். திரையில் தொம்மையின் ஒரு மாத நடை கோடுகளாக ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரையில்தான் அவனுக்கு இரை. தினமும் குன்றிலிருந்து அந்தப் பக்கம் இறங்குகிறான். பாதி வழியில் நிற்கிறான். எலும்பு கல்லில் படுகிற மெல்லிய சத்தம் ஒன்று கேட்கிறது. உடனே திரும்பி மேலே ஏறுகிறான். வெறும் பாறையில் நகங்கள் பிறாண்டுகின்றன. வெகு நேரம் பிறாண்டிவிட்டு மறுபடி இறங்குகிறான். மறுபடி நிற்கிறான்.

"எதுக்கு நிக்கறான்னுதான் புரியல" என்றாள். "காலைல எட்டு மணி வாக்குல ஒரு தடவ. மத்தியானம் ஒண்ணு, ஒண்ணரைக்கு. ராத்திரி எட்டரைக்கு. தினமும்."

"பழக்கமா இருக்கும். எங்க வாப்பா தினமும் நாலு மணிக்கு டீக்கடைக்குப் போவாரு. டீக்கடைய இடிச்சதுக்கு அப்புறமும் போவாரு."

"நான் சொல்றது நம்ம கடிகாரப்படி எட்டு மணி."

தொம்மை நடக்கும் பூமி இப்போதையதைவிட வேகமாகச் சுற்றியது. அங்கே ஒரு நாள் என்பது இருபத்திரண்டரை மணி நேரம்தான். அதனால் அவனுடைய விடியல் நம்முடைய கடிகாரத்தில் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ஒரு வாரம் அவனுக்கு நடுப்பகலாக இருக்கும் நேரம், அடுத்த வாரம் கும்மிருட்டு. சூரியனைப் பார்த்து வாழ்கிற விலங்கு எதுவும் நம்முடைய எட்டு மணியை ஒரு மாதம் முழுக்கக் கடைப்பிடிக்க முடியாது.

"எட்டு, ஒண்ணு, எட்டரை" என்று ஃபரீத் விரல்விட்டு எண்ணினான். "ஜெசி, இது நம்ம சாப்பாட்டு நேரம்."

"அதான் பயமா இருக்கு."

"லட்சக்கணக்குல எல்லாரும் சேந்து தட்டற நேரம்."

வெளியே குவாரிக் குட்டையில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. ஜெசிந்தாவுக்கு அந்தச் சத்தம்கூட எங்கேயோ போய் விழுகிறதோ என்று தோன்றியது.

ஃபரீத்தான் முதலில் எழுந்தான். நிலையத்துப் பெரிய சுத்தி இருக்கும் அறைக்குப் போய் அதன் விசையைக் கூட்டினான். வீட்டுத் தட்டு ஒன்றைத் தனியாக எடுத்தால் அது எறும்பு தும்முகிற மாதிரி. பெரிய சுத்தி அப்படியில்லை. "ஒண்ணே ஒண்ணு" என்றான். அப்போது மணி மூன்றே முக்கால். ஊரில் யாரும் சாப்பிடாத நேரம்.

தட்டினான்.

ஆற்றை நோக்கி ஓரளவு இறங்கிவிட்டிருந்த நடை நின்றது. எலும்பு கல்லில் பட்டது. மூச்சு. பிறகு தொம், தொம், தொம்... தொம். அவர்கள் இருக்கும் இடத்தை நோக்கி அது வளர்ந்துகொண்டே வந்தது.

ஜெசிந்தா மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"அவனுக்கு நம்மள மாதிரி காது கெடையாது" என்றான் ஃபரீத், மெதுவாக, ஏதோ பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்டுவிடும் என்பது போல. "தாடையத் தரையில வச்சுத்தான் கேப்பான். தாடை மூட்டுல ரெண்டு எலும்பு இருக்கும். அதே எலும்புதான் கோடிக்கணக்கான வருஷத்துல சுருங்கிச் சுருங்கி நம்ம காதுக்குள்ள வந்து உக்காந்துருக்கு. மண்ணுக்குள்ள வளை தோண்டற சின்ன விலங்கு ஒண்ணுக்கு வளைப்பன்றின்னு பேர் வெச்சமே, அது தோண்டறப்ப 'டொக் டொக்'னு கேக்கும். அதக் கேட்டுத்தான் அவன் வேட்டைக்கு வருவான்."

"நாம தட்டினா?"

"கல்லுக்கு முன்னப் பின்னன்னு ஒண்ணு கெடையாதுபோல. நாம அதை எழுப்பறோம்னு நெனச்சோம். எழுப்பற தட்டு அந்த அடுக்குக்குள்ளயும் போயி விழுது."

"அப்ப அவன் பாறையத் தோண்டறது?"

தொம்மை சாப்பிட்டானா என்று நாள்தோறும் மூன்று வேளை ஊரில் விசாரித்தார்கள். அந்த விசாரிப்பைக் கேட்டு அவன் ஆற்றங்கரை இரையை விட்டுவிட்டு வெறும் பாறைக்கு ஓடி வந்தான்.

அன்று மாலை பேருந்தில் வரும்போது ஜெசிந்தா இதையே திருப்பித் திருப்பி யோசித்தாள். அவன் செத்து இருபத்தைந்தரை கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. செத்தவனை எப்படிப் பட்டினி போட முடியும்? எல்லாம் நடந்து முடிந்த கதை. அவன் எப்படிச் செத்தானோ அப்படித்தான் செத்தான். அப்படியானால் நேற்று அவன் இரண்டு கிலோ இளைத்தது நடந்து முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா? நாளைக்கு நாங்கள் தட்டாமல் இருந்தால் அவன் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பானா? சாப்பிட்டிருப்பானா, சாப்பிடுவானா? எந்தச் சொல்லை எடுத்தாலும் அது பாதிதான் பொருந்தியது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிக் குரோம்பேட்டை போய் இறங்கினாள்.

ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நூற்றைம்பது கிலோவுக்குக் கீழே போனால் அவனால் எழுந்து நடக்க முடியாது. அந்த நடையை இனிக் கேட்க முடியாமல் போவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் இயக்குநர் இந்திராணியின் அறையில் போய் நின்றாள். இந்திராணி தாள்களை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு வேளையும் நானே தட்டறேன், ஜெசிந்தா. தட்டாம எனக்குச் சோறு எறங்காது."

"எல்லாருக்கும் அப்படித்தான், மேடம். அதுதான் பிரச்சனை."

"எத்தன நாள் நிறுத்தணும்?"

"ஒரு மாசம்."

"ஒரு மாசமா? ஊரு தாங்காது. ஊர விடு, நான் தாங்க மாட்டேன். பத்து நாள். பத்து நாளைக்கு ஒருத்தரும் தட்டக்கூடாது. பதினொண்ணாம் நாள் திங்கக்கெழம காலைல ஆறு மணிக்கு நெலையத்துலேருந்து மட்டும் ஒரு தட்டு. எடையப் பாப்போம். ஏறியிருந்தா மேல பேசுவோம்."

அறிவிப்பு வெளியான அன்று ஊர் அழுதது. பிறகு, தப்புச் செய்தவர்களுக்கே வருகிற ஒரு வேகத்தோடு, நோன்பில் இறங்கியது. 'தொம்மை சாப்பிடட்டும்' என்று ஆட்டோக்களின் முதுகில் எழுதினார்கள். கல்செவியின் தட்டு தவிர வேறெந்தச் சத்தமும் அந்த அடுக்குக்குப் போகாது என்று ஃபரீத் தொலைக்காட்சியில் எவ்வளவோ சொன்னான். யார் கேட்டார்கள்? குரோம்பேட்டையில் அம்மியில் அரைப்பதை நிறுத்தினார்கள். கோயில்களில் தேங்காயைக் கல்லில் உடைக்காமல் அரிவாளால் மெதுவாகப் பிளந்தார்கள். தெருவில் பந்து தட்டிய பிள்ளைகளை மாடியிலிருந்து அதட்டினார்கள். கீழ்க்கட்டளையில் ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளமே கொட்டவில்லை. நாயனக்காரர் மட்டும் ரொம்பத் தணிவாக வாசித்தார் என்று செய்தி வந்தது.

ஜெசிந்தாவின் கணவன் எட்வின் மின்தூக்கி பழுது பார்ப்பவன். வீட்டுக் கல்செவியின்மேல் தன் பழைய பனியனை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கவிழ்த்தான்.

"இது எதுக்கு?" என்று கேட்டாள்.

"கண்ணுல பட்டா கை போயிடும்" என்றான்.

முதல் நாலு நாள் எளிதாகப் போனது. ஐந்தாம் நாள் முதல் ஒவ்வொரு சாப்பாட்டு நேரத்திலும் வீட்டுக்குள் ஒரு அசட்டு மௌனம் வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்காத நாட்கள் கேட்காமலே போய்க்கொண்டிருந்தன. அவை திரும்ப வராது. அவன் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தானா? அங்கே இரை இருந்ததா? அந்தக் காலை இழுத்துக்கொண்டு ஓடிப் பிடிக்க முடிந்ததா? செத்தே போயிருந்தால், அவன் சாகும்போது இந்த ஊரில் ஒருவரும் கேட்கவில்லை என்றல்லவா ஆகும்?

"சோறு வெச்சிருக்கேன்" என்பாள் ஜெசிந்தா.

"ம்" என்பான் எட்வின். தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள். அண்டை வீடுகளிலெல்லாம் அதே வாசனை. ஒரு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்தார்கள். சோற்றிலிருந்து ஆவி எழுந்தது. நல்லி எலும்பை எட்வின் எப்போதும் முதலில் எடுப்பான். அன்று அதை ஓரமாக ஒதுக்கி வைத்தான்.

"நாளைக்குக் காலைல தெரிஞ்சிடும்" என்றாள் அவள்.

"பதினேழு மணி நேரம் இருக்கு."

"தெரியும்."

"நான் ஒண்ணும் சொல்லல."

ஜெசிந்தா எழுந்து சமையல் மேடைக்குப் போனாள். தண்ணீர் குடிக்கத்தான் போனாள். குடிக்கும்போது அந்த டப்பா கண்ணில் பட்டது. ஊரே அமைதியாக இருக்கிறது என்று நினைத்தாள். முப்பத்தெட்டு லட்சம் வீடும் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு வீட்டுத் தட்டு அவனுக்குக் கேட்கக்கூடக் கேட்காது. எறும்பு தும்மினால் யாருக்குக் கேட்கும்? மற்றவர்கள் ஆசைக்காகத் தட்டுவார்கள். அவளுக்கு அது வேலை. அவன் எடையை ஆறு ஆண்டுகளாக எழுதி வந்தவள், அவனுக்காகவே இந்த நோன்பைக் கேட்டு வாங்கியவள், அவளுக்கில்லாத உரிமை யாருக்கு? ஒண்ணே ஒண்ணு. அவன் சாப்பிட்டானா என்று மட்டும் தெரிந்தால் போதும். வந்து நிம்மதியாகச் சாப்பிடலாம்.

டப்பாவை எடுத்தாள். பனியனை எடுத்தாள். எட்வின் பார்க்காதவன்போல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

டொக்.

அந்தச் சத்தம் அடங்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டில், டொக். மேல்மாடியில் டொக். எதிர்ச் சாரியில், பின் தெருவில், திறந்திருந்த ஒவ்வொரு சன்னலிலிருந்தும், மழை தொடங்கும்போது தகரக் கூரையில் விழும் முதல் துளிகளைப் போல டொக், டொக், டொக். மாடி வீட்டு அம்மாள் கரண்டியோடு பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

கல் பேசியது. பத்து நாள் கழித்து முதலில் கேட்டது காற்றுமில்லை, தண்ணீருமில்லை. குன்று முழுவதும், ஒவ்வொரு வில்லையும் வெட்டி எடுக்கப்பட்ட ஒவ்வொரு இடத்திலும், தரைக்கடியில் லட்சக்கணக்கான வளைப்பன்றிகள் ஒரே நேரத்தில் தோண்டுவதுபோல ஒரு பேரோசை. அதற்கு மேல், தொம்தொம்தொம்தொம். தயக்கமே இல்லாத நடை. அவன் ஓடிக்கொண்டிருந்தான்.

ஒரு நிமிடம் முடிந்து கல் அடங்கியது.

கைபேசி அடித்தது. ஃபரீத்.

"ஜெசி, எல்லாரும் தட்டிட்டாங்க."

"எத்தன?"

"முப்பத்தேழு லட்சத்துக்கு மேல. ரெண்டு நிமிஷத்துக்குள்ள. எல்லாரும் ஒண்ணே ஒண்ணு. ஒருத்தர்கூட ரெண்டு தட்டல." அவன் குரல் உடைந்திருந்தது. "எடை பாத்தேன். எரநூத்தி முப்பது. ஏறியிருந்துச்சு ஜெசி. பத்து நாள்ல பதினெட்டு கிலோ. ஆத்தங்கரைலதான் இருந்துருக்கான். நல்லா சாப்பிட்டுட்டு இருந்துருக்கான்."

அவளுக்கு ஒரு கணம் சந்தோஷம் வந்தது. அதுதான் பிறகு அவளை வெகு நாள் வதைத்தது.

"நீயும் தட்டினியா?" என்று கேட்டான்.

"ஒண்ணு."

"நானும்."

அவள் தெருவுக்கு ஓடினாள். "தட்டாதீங்க! யாரும் தட்டாதீங்க!" என்று கத்தினாள். வாசல்களில் நின்றவர்கள் எச்சில் கையோடு அவளைப் பார்த்தார்கள்.

"நாங்க ஒண்ணுதாம்மா தட்டினோம்" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

"ஓடற மாதிரி கேட்டுச்சே, எங்கம்மா ஓடறான்? அவனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார் ஒருவர்.

"எனக்குத் தெரியல."

"தெரியலன்னா எப்படி? இருங்க, இன்னொண்ணு தட்டிப் பாக்கறேன்."

"வேணாங்க!"

"அவனுக்கு என்னமோ ஆயிடுச்சு, சும்மா இருக்கச் சொல்றீங்களே!"

அவர் உள்ளே ஓடினார். எல்லாரும் உள்ளே ஓடினார்கள். என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க அந்த ஊரால் முடியவில்லை. தெரிந்துகொள்ளத் தட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தட்டும் அவனை இன்னொரு பக்கம் திருப்பியது. கிழக்கே ஓடினான், தாடையைத் தரையில் வைத்தான், மேற்கே ஓடினான், பாறையைப் பிறாண்டினான், பாதியில் விட்டுவிட்டு வடக்கே ஓடினான். அவனைச் சுற்றிலும் உலகம் இரையால் நிறைந்திருந்தது. வாயில் மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. மாலை ஐந்து மணிவாக்கில் குன்றின் சரிவில் கல்லெல்லாம் உருளுவதும், அவற்றோடு கனத்த உடம்பு ஒன்று விழுவதும் கேட்டது. அப்புறம் நடை இல்லை. நீண்ட மூச்சு மட்டும்.

அந்த மூச்சைக் கேட்க ஊர் தட்டிக்கொண்டே இருந்தது. தனியாகச் சாகவிடக்கூடாது என்று தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் தலையைத் தூக்கப் பார்ப்பதும், எலும்பு மறுபடி கல்லில் விழுவதும் கேட்டது. ஜெசிந்தா கேட்கவில்லை. தெருவோரம் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எழுந்த அழுகையிலிருந்து அவளுக்கு எல்லாம் தெரிந்தது.

திங்கள் காலை ஆறு மணிக்கு, சொன்னபடி, நிலையத்திலிருந்து ஒரு தட்டு தட்டினார்கள். காற்று வந்தது. தண்ணீர் வந்தது. பிறகு சின்னச் சின்னக் கால்களின் சத்தம். வளைப்பன்றிகள் கூட்டமாக வெளியே வந்து குன்றின்மேல் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. இந்திராணி கருவியைத் தன் கையாலேயே நிறுத்தினார்.

அரசு கல்செவிகளைத் தடை செய்தது. வீடுகளிலிருந்த வில்லைகளையெல்லாம் திரட்டிக் குவாரிக் குட்டையில் கொட்டினார்கள். ஜெசிந்தாவை நகராட்சிப் பள்ளியொன்றில் ஆய்வகத்துக்குப் போட்டார்கள். ஃபரீத் வாட்பல்லனைப் பற்றிப் புத்தகம் எழுதப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு வரியும் எழுதாமல் இருந்தான். நாளடைவில் ஊர் மீண்டும் கிண்டலும் சண்டையுமாகச் சாப்பிடத் தொடங்கியது.

ஐந்து மாதம் கழித்து ஒரு புதன்கிழமை முற்பகல், தரைக்கடியிலிருந்து 'டொக்' என்று கேட்டது.

பல்லாவரம், திரிசூலம், குரோம்பேட்டை, குன்றைச் சுற்றிய எல்லா இடத்திலும் கேட்டது. யாரோ கதவைத் தட்டியதாக நினைத்து எல்லாரும் கதவைத் திறந்தார்கள். எதிர் வீட்டுக்காரரும் அப்போதுதான் திறந்தார். "நீங்களா தட்டினீங்க?" "இல்லையே, நீங்க?" தெருவுக்கு இறங்கினார்கள். பேருந்துகள் நின்றன. நிலநடுக்கம் இல்லை என்று அளப்பவர்கள் சொன்னார்கள். அன்று மாலை இன்னொன்று. நள்ளிரவில் மூன்றாவது. மறுபடி எல்லாரும் இறங்கி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எதற்கு வந்தோம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மேலே போகவும் மனம் வரவில்லை. யாரோ அவசரமாகக் கூப்பிட்டதுபோலவே இருந்தது.

தினமும் அப்படி நடந்தது. இரண்டாம் வாரம் எட்வின் ஆறு கிலோ இளைத்திருந்தான். தூக்கமும் இல்லை, சாப்பாடும் பாதியோடு. ஜெசிந்தா பழைய பழக்கத்தில் ஒரு நோட்டில் நேரங்களை எழுதி வந்தாள். நாளுக்கு மூன்று தட்டு. ஆனால் ஒவ்வொரு நாளும் அவை இரண்டரை மணி நேரம் தள்ளித் தள்ளி வந்தன.

ஒரு பகல் சாப்பாட்டின்போது எட்வினுக்கு அதைக் காட்டினாள்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டான்.

"இதத் தட்டறவங்களுக்கு ஒரு நாளுக்கு இருபத்தாறரை மணி நேரம். பூமி சுத்தறது மெதுவாகி மெதுவாகி அந்த அளவுக்கு வர இன்னும் எத்தனயோ கோடி வருஷம் ஆகணும்."

அவன் கணக்குப் போடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

"மூணு வேளையா?"

"மூணு வேளை."

"கெட்டவங்களா இருப்பாங்களா, ஜெசி?"

"இல்ல. நம்மள மாதிரிதான் இருப்பாங்க."

"அவங்ககிட்டச் சொல்ல முடியாதா?"

"எப்படிச் சொல்றது? நம்ம பேச்சு கேட்டாலும் அவங்களுக்குப் புரியுமா? நடைதானே புரியும்."

எட்வின் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். "அப்ப நடக்காம இருப்போம். அடுத்த தடவ கேட்டா யாரும் எந்திரிக்கக் கூடாது. நீ எந்திரிக்காத, நானும் எந்திரிக்கல. உக்காந்து சாப்புடுவோம்."

அவள் தலையாட்டினாள். ஒரு கவளம் உருட்டி வாயில் வைத்தாள். எட்வினும் வைத்தான். இரண்டாவது கவளத்தை உருட்டும்போது தரைக்கடியில் ஒரே ஒரு தட்டு கேட்டது. இதற்கு முன் கேட்டவற்றைவிட மிகத் தணிவாக, தட்டியவர் யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்ததுபோல.

அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்னும் பத்து. பிறகு எண்ண முடியாதபடி, எல்லாப் பக்கமிருந்தும்.

தெருவில் ஏற்கெனவே ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எட்வின் எந்தப் பக்கம் போனான் என்று அவள் பார்க்கவில்லை. நடுத்தெருவில், கூட்டத்துக்கு நடுவில், வலது கை நிறையச் சோற்றோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது படியிறங்கினோம் என்று அவளுக்கு நினைவில்லை.